கவுன்சிலிங் யாருக்கு, மகளுக்கா அப்பாவுக்கா?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஊர்த்தெருப் பெண் சேரிப் பையனைக் காதலிப்பது தெரிந்தால் முதலில் போனைப் பிடுங்குவார்கள். பிறகு கல்லூரிக்குப் போவது நிற்கும். மாமா, சித்தப்பா, அத்தை என்று ஆள் மாற்றி ஆள் புத்தி சொல்ல வருவார்கள். விவகாரம் காவல் நிலையம் போனாலும் அதே புத்திமதிதான். அங்கே அதற்குப் பெயர் கவுன்சிலிங். வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் 'நோயாளி' அவள் ஒருத்திதான்.

குடும்ப சிகிச்சை இந்தக் கணக்கைத்தான் கேள்வி கேட்கிறது. 1950களில் அமெரிக்க மனநல மருத்துவர் முர்ரே போவன், நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனித்தார். ஒருவரிடம் வெளிப்படும் சிக்கலுக்குப் பின்னால் வீட்டார் எல்லாருடைய பயமும் உறவும் இருக்கிறது என்பது அவருடைய பார்வை.

நம் பக்கத்தில் நீதிமன்றமே இதை உணர்ந்த வழக்கு ஒன்று உண்டு. 2014இல் உசிலம்பட்டியைச் சேர்ந்த விமலாதேவி, தலித் இளைஞர் திலீப்குமாரை மணந்தார். காவல்துறை அவரைப் பெற்றோரிடமே ஒப்படைத்தது. அந்த ஆண்டே அவர் இறந்தார், உடல் எரிக்கப்பட்டது. திலீப்குமார் தொடர்ந்த வழக்கில் 2016 ஏப்ரல் 13 அன்று சென்னை உயர் நீதிமன்றம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. கூடவே, பெற்றோருக்குக் கவுன்சிலிங் தர நிதி ஒதுக்கவும் சொன்னது. மகளுக்கு அல்ல, பெற்றோருக்கு!

பெற்றோரிடம் என்ன பேசுவது? "ஊர்ல தலைகாட்ட முடியாது" என்கிறார் அப்பா. யார் முகத்தில் முழிக்கப் பயம்? கோயில் மரியாதை போய்விடுமா, பங்காளி வீட்டுப் பத்திரிகை வராதா, இளையவளுக்கு மாப்பிள்ளை அமையாதா? இப்படிப் பிரித்துக் கேட்கும்போது, 'மானம்' என்று அவர் சொல்வது சாதி விதிக்கும் அபராதம் என்பது வெளியே வரும். "நீ வளர்த்த லட்சணம்" என்று திட்டு வாங்கும் அம்மாவும் அங்கே வாய் திறக்கலாம். சாதியைத் தொடாமல் "அனுசரித்துப் போங்கள்" என்று முடிக்கும் ஆலோசகர், நாற்காலி போட்டு உட்கார்ந்த கட்டப்பஞ்சாயத்துதான்.

மிரட்டலோ அடிதடியோ இருக்கும் வீட்டில் எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்கவே கூடாது. அங்கே முதலில் பாதுகாப்பு. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் பிரிவுகள் அமைக்க உத்தரவிட்டதும், பாதுகாப்பு இல்லங்கள் பற்றிப் பேசியதும் அதற்காகத்தான்.

கோரிமேடு ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. ஆனால் மகளின் போனைப் பிடுங்கிய அப்பா தானாக பஸ் ஏறி அங்கே போகமாட்டார். வில்லியனூர், பாகூர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே, சாதியைப் பற்றிப் பேசப் பயிற்சி பெற்ற குடும்ப ஆலோசகர்கள் வேண்டும். இதை நாம் கோரிக்கையாக வைக்க வேண்டும். அதுவரை, "அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுப்பா" என்று சொந்தக்காரர்கள் உங்களை அழைத்தால், போங்கள் தோழர்களே. போய், அப்பாவின் பக்கத்தில் உட்காருங்கள்.