கியர்பாக்ஸ் ஆயில்: பட்டறையா, கம்பெனியா?

கொடைக்கானல் மலையில் லோடு வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி போதும், உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தேர்தல் கேள்வி இல்லைங்க. "கியர்பாக்ஸ் ஆயிலை எங்கே மாத்துறீங்க?" அவ்வளவுதான். ஒரு கட்சி, "நம்ம கையாலயே மாத்திக்கலாம்" என்னும். இன்னொரு கட்சி, "கம்பெனிக்கே விட்டுடு, வம்பே வேண்டாம்" என்னும்.

நாயுடுபுரம் மாதிரி ஊரில் இது டீக்கடை அரட்டை இல்லை, பிழைப்பு. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி பக்கம் விளைகிற கேரட்டும் உருளையும் பூண்டும் (2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டுதான்) பெரும்பாலும் குட்டி யானையிலும் பிக்கப்பிலும்தான் மலை இறங்குகின்றன. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு. ஆனால் வண்டிக்குக் கட்டும் மாதத் தவணை நிற்காது!

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுகிறவை. அதில் கியர் ஆயில் மாற்றுவது, சமதளமான இடமும் சரியான ஸ்பேனரும் இருந்தால், விவரம் தெரிந்தவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. அடியில் உள்ள பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும். பக்கவாட்டுத் துளை வழியாக, அதன் விளிம்பு வரைக்கும் நிரப்ப வேண்டும். கண்ணால் பார்த்தே அளவு தெரியும்.

சிக்கல் ஆட்டோமேட்டிக்கில்தான். இசுசூ வி-க்ராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்புகளில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்துவிட்டது. இன்றைக்குப் புது வண்டி, நாளைக்கு செகண்ட் ஹேண்டாக எந்த மலையூர்ப் பட்டறைக்கும் வரும்.

ஆட்டோமேட்டிக்கில் ஆயில் என்பது வெறும் உராய்வு குறைக்கிற சமாச்சாரம் இல்லை. இன்ஜின் விசையை டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துவது, உள்ளே இருக்கிற கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாம் அதன் வேலை. பாரத்தோடு மலை ஏறும்போது வேகம் குறைவு, இழுவை அதிகம். ஆயில் கொதிக்கிற மாதிரி சூடாகும். அந்தச் சூட்டில் ஆயிலின் ஆயுசு குறையும். "வாழ்நாள் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று சில கார் கம்பெனிகள் சொல்வதுண்டு. ஆனால் கியர்பாக்ஸ் தயாரிக்கிற ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு, ஓட்டத்தைப் பொறுத்து, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவரே சொல்லும்போது விற்பவர் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்?

சரி, அப்படியானால் வீட்டிலேயே மாற்றிவிடலாமா? இங்கேதான் "நம்ம கை" கட்சி கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் பழைய ஆயில் முழுசாக வராது; ஒரு பகுதி டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். பல புது மாடல்களில் அளவு பார்க்கும் குச்சியே கிடையாது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். அந்த வெப்பநிலையைச் சொல்ல ஸ்கேன் கருவி வேண்டும். வேறு வகை ஆயிலை ஊற்றினால் கியர்பாக்ஸுக்கே உலை. இதற்கெல்லாம் மேலே, மலைச்சரிவில் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது சிக்கனம் இல்லை, தற்கொலை முயற்சி.

அப்போ கம்பெனி கட்சி ஜெயித்ததா? அதுவும் இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் தெரியும்: ஒன்றைச் செய்வதற்காகக் கைவிடுகிற இன்னொன்றின் மதிப்பு. கம்பெனி சர்வீஸ் என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். மதுரைக்குப் போனால் ஏறக்குறைய 120 கிலோமீட்டர், திரும்பி வர இன்னொரு 120. பில்லில் இருப்பது ஆயிலும் கூலியும்தான். டீசலும் போன நாளின் வாடகையும் எந்தப் பில்லிலும் வராது. நகரத்துக்காரருக்கு அரை மணி நேர வேலை, மலைக்காரருக்கு ஒரு நாள்.

இதை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பட்டறை மெக்கானிக்கால் முடியாததற்குக் காரணம் திறமைக் குறைவா, அல்லது கருவி அவர் கைக்கு வராததா? இந்தக் கேள்வி ஏற்கெனவே விசாரணைக்கு வந்தாகிவிட்டது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் (சி.சி.ஐ.) 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகள் விஷயத்தில் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் தவறு நடந்தது என்ற முடிவை மாற்றவில்லை. வழக்கு கார்களைப் பற்றியது, உண்மை. ஆனால் அதில் இருக்கிற நியாயம் லோடு வண்டிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். கார் நின்றால் பயணம் நிற்கும். லோடு வண்டி நின்றால் சாப்பாடு நிற்கும்.

2022-ல் மத்திய நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்காக ஒரு இணையதளமே தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் இணையதளத்தில் தகவல் இருப்பதும், நாயுடுபுரத்துப் பட்டறையில் ஸ்கேன் கருவி இருப்பதும் ஒன்றல்ல.

ஆக, எது சரி? சாதா கியர்பாக்ஸா, வாரண்டி முடிந்துவிட்டதா, உள்ளூர்ப் பட்டறையே போதும். கம்பெனி சொன்ன ரகத்தில் ஆயில் வாங்கி, பில்லையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கா, வாரண்டியும் பாக்கி இருக்கிறதா, இன்றைய நிலையில் கம்பெனிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். எங்கே மாற்றினாலும் பழைய ஆயிலை ஓடையில் ஊற்றக் கூடாது. மலையில் ஊற்றியது கீழே யாரோ ஒருவரின் குடிதண்ணீரில்தான் போய்ச் சேரும்.

ஆனால் "இன்றைய நிலை" என்பது விதி இல்லை, கம்பெனிகள் போட்ட வேலி. கருவியும் கையேடும் நியாயமான விலைக்குக் கிடைத்தால், மலைக்காரர் ஒரு நாளை இழந்து இறங்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் கம்பெனிக்கே போக விரும்புகிறவர் தாராளமாகப் போகட்டும். அது அவர் விருப்பமாக இருக்க வேண்டும், வேறு வழியில்லாமல் அல்ல.