தந்தியைத் தொடும் சில்லு

இசைக்கருவியைப் பற்றிப் பேசுவோர் அதன் விலையைப் பேசுவர். அதைச் செய்த நிறுவனத்தின் பெயரைப் பேசுவர். ஒலிபெருக்கியின் ஆற்றலைப் பேசுவர். தந்தியை நேரே தொடுவது எது என்று கேட்போர் மிகச் சிலரே. பேஸ் கிதார் பயிலும் இளைஞர்களிடம் நாம் காணும் பெருங்குறை இதுவே. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்கியவர், அதை மீட்டுதற்குரிய 'பிக்' எனும் சிறு சில்லை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். தம் கருவியின் குரல் அச்சில்லின் முனையில்தான் பிறக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சரோத் கலைஞர் கொட்டாங்கச்சியைத் தேய்த்துச் செய்த சில்லால் மீட்டுகின்றனர். சித்தார் கலைஞர் 'மிஸ்ராப்' எனும் கம்பி வளையத்தைச் சுட்டுவிரலில் அணிகின்றனர். வீணைக் கலைஞருள் நகத்தால் மீட்டுவோரும் உளர். கம்பி அணிந்து மீட்டுவோரும் உளர். 9-ஆம் நூற்றாண்டில் குர்துபா நகரில் புகழுடன் விளங்கிய இசைமேதை ஸிர்யாப், ஊது எனும் நரம்புக் கருவியை மீட்டுவதற்கு மரச்சில்லை நீக்கிக் கழுகின் இறகைக் கைக்கொண்டார் என்று அந்தலுஸ் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். மீட்டும் பொருள் மாறினால் ஒலியும் மாறும் என்ற தெளிவு அன்றே இருந்தது.

அம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது? தந்தி அதிரும்போது ஓர் ஒலி மட்டும் எழுவதில்லை. அடிப்படை ஒலியோடு அதன் மடங்குகளாகிய மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. நான்கு தந்திப் பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி, வழக்கமான சுருதியில், நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. விரல் நுனியின் சதை மென்மையானது, அகலமானது. அது தந்தியை விடுகின்ற வேளையில் நுண்ணிய மேற்சுரங்களை அடக்கிவிடுகிறது. ஆதலின் ஒலி உருண்டு திரண்டு கனத்து வருகிறது. சில்லின் விளிம்போ கடினமானது, குறுகியது. அது தந்தியைச் சட்டென விடுவதால் மேற்சுரங்கள் மிகுதியாக எழுகின்றன. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் கூர்மையாகக் கேட்கிறது. முரசுகளும் கீபோர்டும் முழங்கும் மேடையில், விரலால் மீட்டிய ஒலி அவற்றோடு கலந்து நிற்கும். சில்லால் மீட்டிய ஒலி தனித்துத் தெரியும். இரண்டும் வேண்டுவனவே. எப்போது எது வேண்டும் என்பதே வினா.

சில்லைத் தேர்வோர் முதலில் நோக்க வேண்டுவது அதன் தடிமன். வழக்கமாகக் கட்டப்படும் தடித்த தந்தியின் குறுக்களவு ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். அதன்மீது 0.5 மில்லிமீட்டர்ச் சில்லைச் செலுத்தினால், அசைய வேண்டிய தந்தி அசையாமல் சில்லே வளைந்து போகிறது. எழுவது 'டக்' என்னும் ஓசை. அடியில் இருக்க வேண்டிய கனம் இல்லை. 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்த சில்லு வளையாது நின்று, கையின் விசையைத் தந்திக்குக் கொண்டு செல்கிறது.

அடுத்தது பொருள். நைலான் நெகிழ்ச்சியுடையது, அதன் ஒலி சற்றே மென்மையானது. செல்லுலாய்டு பளிச்சென ஒலிக்கும். அழுத்திய கம்பளியாலான ஃபெல்ட் சில்லு, கட்டைவிரலின் ஒலியை நெருங்கி வரும். உலோகச் சில்லு ஒலியைக் கடுமையாக்குவதோடு தந்தியையும் தேய்க்கும். கூரிய முனை தெளிவு தரும். உருண்ட முனை கனம் தரும். பெரிய முக்கோணச் சில்லு பிடிக்கு வசதியானது. தேய்ந்து பிசிறடித்த விளிம்போ சுருள்கம்பி சுற்றிய தந்திமேல் உராய்ந்து கரகரப்பை உண்டாக்கும். இவற்றோடு மீட்டும் இடத்தையும் மறத்தலாகாது. குதிரைக்கு அருகே மீட்டினால் ஒலி இறுகும். கழுத்துப் பக்கம் நகர்ந்தால் உருளும்.

"சில்லால் மீட்டுவோர் உண்மையான பேஸ் கலைஞர் அல்லர், விரலே உயர்ந்தது" என்று உரைப்போர் உளர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. 1951-இல் வெளிவந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், கட்டைவிரலால் மீட்டுவதைக் கருதியே அமைக்கப்பட்டது. மற்ற விரல்கள் பற்றிக்கொள்ள அதில் ஒரு சிறு கட்டையும் பொருத்தப்பட்டிருந்தது. அப்படியாயின் இன்று சுட்டுவிரலாலும் நடுவிரலாலும் மீட்டுவோரும் முறை தவறியவர்களா? டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாடல்களுக்கு உயிரூட்டிய ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றையே கொண்டு மீட்டினார். அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ்பெற்ற கேரல் கே அம்மையார், கிதாரிலிருந்து 1963-இல் பேஸ் கிதாருக்கு வந்தவர். கடினமான சில்லைக் கையாண்டு, தந்திகளின்மேல் ஃபெல்ட் துண்டை வைத்து நீள்முழக்கத்தை அடக்கினார். தெளிவும் கனமும் ஒருங்கே வாய்த்தன. இவ்விருவருள் யார் உயர்ந்தவர் என்று கேட்பது, உளியா அரமா உயர்ந்தது என்று தச்சரைக் கேட்பதை ஒக்கும்.

சில்லின் வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத பாடம் ஒன்றும் உண்டு. முற்காலத்தில் சிறந்த சில்லுகள் அழுங்காமையின் ஓட்டிலிருந்து செய்யப்பட்டன. 1922-இல் டி ஆண்ட்ரியா என்பார் நியூயார்க்கில் செல்லுலாய்டுச் சில்லுகளைச் செய்யத் தொடங்கினார். எனினும் ஆமை ஓட்டின் ஒலிக்காக ஏங்கியோர் பல்லாண்டு இருந்தனர். நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அவ்வுயிரினம் அருகிப் போனதால், 1973-இல் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் அதன் வணிகம் தடுக்கப்பட்டது. 1981-இல் ஜிம் டன்லப் நிறுவனம், ஆமை ஓட்டின் இயல்பை ஒத்த செயற்கைச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இசை அதனால் குன்றிவிடவில்லை. ஓர் உயிரை அழித்துத்தான் இனிமை பெற வேண்டும் என்பதில்லை என்று காலம் காட்டிவிட்டது.

அண்மையில் மாணவர் சிலரின் ஒத்திகையைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பேஸ் கிதார் மீட்டிய இளைஞர், தம் கருவி மலிவானது, ஆகவே கேட்கவில்லை என்று நொந்துகொண்டார். அவர் கையில் இருந்தது மெல்லிய சில்லு. நண்பர் ஒருவர் தடித்த சில்லைத் தந்தார். கருவி அதுவே, ஒலிபெருக்கி அதுவே, மீட்டிய கை அதுவே. எனினும் பாடலுக்குத் தரை கிடைத்தாற்போல் இருந்தது. பின்னர் மெதுவான பாடலொன்றுக்கு அவர் சில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டினார், அதுவும் பொருந்தியது. அன்று அவருக்குக் கிடைத்தது புதிய கருவியன்று; தம் செவியின்மேல் நம்பிக்கை.

ஆதலின் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. நான்கைந்து வகைச் சில்லுகளை வாங்குங்கள். கருவியின் விலையோடு ஒப்பிட அச்செலவு சிறிதே. ஒரே பாடலை ஒவ்வொன்றாலும் மீட்டி, பின் விரலாலும் மீட்டி, ஒலிப்பதிவு செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். புகழ்பெற்றவர் எதைக் கையாண்டார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஆனால் பாடல் எதைக் கேட்கிறது என்பதைக் கொண்டே முடிவு செய்யுங்கள். இல்லாத கருவிக்காக ஏங்குவதைவிட, இருக்கும் கருவியின் குரலை முழுமையாக அறிவதே கலையின் முதற்படி என்பது நம் துணிபு.