சைக்கிளும் தொழிலாளரும்

பென்னலூர் எமது ஊர். காஞ்சிபுர மாவட்டத்தில், சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே உள்ளது. ஏரியும் வயலுமாய் இருந்த அப்பகுதி ஒரு தலைமுறைக்குள்ளே தொழிற்சாலைகளின் நாடாக மாறிவிட்டது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் செய்யப்படலாயின. 2010ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. கண்ணாடி, டயர், உதிரிப்பொருள், மின்னணுப்பொருள் முதலியன செய்யும் ஆலைகள் இவற்றைச் சூழ எழுந்துள்ளன. கடல் கடந்த நாடுகளிலும் ஓடும் வண்டிகள் எம்மூர்ப் பக்கத்திலே பிறக்கின்றன. ஆயின் அவற்றைச் செய்யும் தொழிலாளர் தம் வீட்டினின்று ஆலைவாயில் வரையில் எங்ஙனம் போய் வருகின்றனர் என்பதனை ஆராய்ந்து எழுதுவார் அரியர். அவருள் பலர்க்குச் சைக்கிளே தக்க ஊர்தி என்பதும், அவர் அதனைக் கையாளத் தடையாய் நிற்பன இவை என்பதும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈருருளி, துவிசக்கர வண்டி, மிதிவண்டி எனப் புலவர் இதற்குப் பல பெயரிட்டனர். ஊரார் சைக்கிள் என்றே வழங்குவர். யானும் அவ்வாறே வழங்குவேன். ஜெர்மானியராகிய கார்ல் திராய்ஸ் என்பார் 1817ஆம் ஆண்டில், காலால் நிலத்தை உந்திச் செலுத்தும் இருசக்கர மரவண்டி ஒன்றினைச் செய்தார். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பார், சக்கரம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவினவாய்ச் சங்கிலியால் இயங்கும் வண்டியை அமைத்தார். 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பார் அதற்குக் காற்றடைத்த டயரைத் தந்தார். அன்றமைந்த உருவம் இன்றளவும் பெரிதும் மாறவில்லை. நம் நாட்டிலும் 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் என்னும் கம்பெனி தோன்றி, அம்பத்தூரில் ஆலை நிறுவிப் பல்லாயிரம் வீடுகளுக்கு இவ்வண்டியை வழங்கிற்று. பால்காரரும், தபால்காரரும், பள்ளி ஆசிரியரும், ஆலைத் தொழிலாளரும் இதன்மேல் ஏறியே தத்தம் கடமைக்குச் சென்றனர். ஆதலின் சைக்கிளில் வேலைக்குச் செல்க என்று கூறுவது புதுமையன்று. நம் பாட்டன்மார் அறிந்த வழக்கத்தையே மீண்டும் நினைவூட்டுதலாகும்.

இனி, நம் தலைமுறையினர்க்குச் சைக்கிள் கிடைக்கவில்லையோ எனின், கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகட்கெனத் தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், பின்னர் அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்வகுப்பிற் பயிலும் மற்றை மாணவர்க்கும் விரிவாயிற்று. எம்மூரில் மேல்வகுப்பு வரை படித்தவர் வீடுகளிற் பலவற்றில் ஒரு சைக்கிள் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் அதன்மேல் ஏறுகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து, ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ பயின்று, ஆலையிற் சேரும் நாளில் இறங்கிவிடுகின்றனர். பின்பு அது கொல்லைப்புறத்திலே, காற்றிழந்த டயரோடும் துருவேறிய சங்கிலியோடும், ஈரத்துணி உலர்த்தும் கொடியாய் நிற்கும். பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் சுமந்து சென்ற வண்டி, அதே தொலைவிலுள்ள ஆலைக்குச் சுமக்க மாட்டாதோ? வண்டியின் வலி குறைந்ததன்று. ஏறுவோன் மனமே மாறியது. இம்மாற்றத்திற்குக் காரணம் இரண்டு. ஒன்று வெட்கம், மற்றொன்று சாலை. இவற்றைத் தனித்தனியே நோக்குவாம்.

சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞன் சைக்கிளில் வரக் கண்டால், "இன்னும் பைக்கு வாங்கவில்லையா?" என்று வினவுதல் எம்மூர் வழக்கம். வினவுவோர் பகைவரல்லர், உறவினரும் நண்பருமே. அவ்வினாவிற்கு அஞ்சி, வேலை நிலைக்குமுன்னே, ஓர் இலட்சம் ரூபாய் அளவில் விலையுள்ள மோட்டார் சைக்கிளைத் தவணைக்கு வாங்குகின்றான். அன்றுமுதல் அவன் சம்பளத்தின் முதற்பங்கு தவணைக்காரனுக்கும், அடுத்த பங்கு பெட்ரோலுக்கும் போய்விடுகின்றது. வீட்டிற்கு எஞ்சுவது மிச்சமே. தொழிலாளருள் பலர் ஒப்பந்தத்தின்மேல் எடுக்கப்படுபவர். ஒப்பந்தம் முடியும் நாள் தவணை முடியும் நாளுக்கு முந்திவிடுதல் கூடும். பெரிய ஆலைகளும் நிலையென்று கூற இயலாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டில் தொடங்கிப் பல்லாயிரவர்க்கு வேலை தந்த நோக்கியா கைபேசி ஆலை 2014ஆம் ஆண்டில் மூடப்பட்டதனை இப்பகுதியார் மறந்திலர். வேலை போன பின்னும் தவணை போகாது. சில ஆயிரம் ரூபாயில் வாங்கத்தக்கதும், பலர் வீட்டில் விலையின்றியே கிடப்பதுமான சைக்கிளுக்கோ இவ்விடரில்லை. கடனின்றி ஏறுவது தாழ்வு என்றும், கடன்பட்டு ஏறுவது உயர்வு என்றும் எண்ணும் எண்ணமே திருத்தத்தக்கது.

அன்றியும், இது தாழ்ந்தோர் சிலர் வழக்கமும் அன்று. 2011ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கின்படி, உழவும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலை செய்வோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் நம் நாட்டில் சைக்கிளிலேயே வேலைக்குச் சென்றனர். உடல் நலமும் இதனாற் பெருகும். ஆலையில் ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நின்றோ அமர்ந்தோ வேலை செய்வார்க்கு, போக இருபது நிமிஷமும் வர இருபது நிமிஷமும் சைக்கிள் மிதித்தல் தனியே பொழுது ஒதுக்க வேண்டாத தேகப்பயிற்சி. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பிரிட்டனில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவரை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடலுழைப்பின்றி வேலைக்குச் செல்வாரைக் காட்டிலும் சைக்கிளிற் செல்வார்க்கு, ஆராய்ந்த காலத்துள் இறக்கும் அபாயம் நூற்றுக்கு 41 பங்கு குறைந்திருந்தமை கண்டனர்.

எனினும் அனைவரும் சைக்கிளேறுக என்று கூறுவேனல்லேன். அளவறிந்து கூறுதலே முறை. பழகியவன் மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் வரை வருத்தமின்றிச் செல்லலாம். எனவே ஐந்து கிலோமீட்டர் செல்ல இருபது அல்லது இருபத்தைந்து நிமிஷம் போதும். பென்னலூரினின்று இருங்காட்டுக்கோட்டைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ செல்வார்க்கு இது பொருந்தும். பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒரகடத்திற்கு நாள்தோறும் சென்று வருதல் பலர்க்குப் பொருந்தாது. அவர்க்குக் கம்பெனி பஸ்ஸே தகும். நோயுற்றார்க்கும், இரவு ஷிப்டு முடித்துக் கண்விழித்துக் களைத்தார்க்கும் இதனை வற்புறுத்துதல் அறமாகாது. அருகிலிருந்தும் வெட்கத்தாலோ அச்சத்தாலோ ஏறாதிருப்பாரை நோக்கியே இதனை எழுதுகின்றேன்.

அத்தகையோர் எங்ஙனம் தொடங்குவது? முதற்கண், கொல்லையிற் கிடக்கும் வண்டியைச் சைக்கிள் கடைக்குக் கொண்டு செல்க. டயரும் டியூபும் உளுத்திருப்பின் மாற்றுக. பிரேக்குக் கட்டை தேய்ந்திருப்பின் புதிதிடுக. சங்கிலிக்கு எண்ணெய் விடுக. பள்ளிப்பருவத்தில் அமைத்த ஆசன உயரம் இப்போது பொருந்தாது. மிதி கீழே செல்லுங்கால் முழங்கால் சிறிதே மடங்கி நிற்குமளவிற்கு ஆசனத்தை உயர்த்துக. முழங்கால் வலிக்கிறதென்று கைவிட்டோருட் பலர் இவ்வொன்றை அறியாதவரே. எம் பகுதி சமநிலமாதலின் பல கியர் உள்ள விலையுயர்ந்த வண்டி வேண்டுவதில்லை. முன்னே ஒரு விளக்கும் பின்னே சிவப்பொளி காட்டும் கண்ணாடியும் தவறாது வேண்டும்.

அடுத்து, விடுமுறை நாளொன்றில் வேலைக்குச் செல்லும் வழியிலேயே ஒருமுறை சென்று வருக. வேலையில்லாத நாளில் எத்துணை நேரம் ஆகின்றதோ அதனோடு பத்து நிமிஷம் கூட்டிக் கொள்க. அதுவே வேலைநாளிற் புறப்பட வேண்டிய கணக்கு. முதல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் செல்க. உடல் பழகியபின் நாளைக் கூட்டுக. பையில் மாற்றுச் சட்டை ஒன்றும் சிறு துண்டும் இருப்பின் வியர்வையால் வரும் நாணம் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரிநீர் பெருகிச் சாலையில் நிற்கும் நாளில் சைக்கிளை வீட்டில் நிறுத்துதல் தோல்வியன்று. குறுக்குவழி கருதி நெடுஞ்சாலையில் எதிர்த்திசையிற் செல்லுதல் மட்டும் எக்காலத்தும் வேண்டா. நடுத்தடுப்பில் திரும்புமிடம் தொலைவில் இருத்தலின் பலர் அவ்வாறு செய்கின்றனர். உயிரினும் அத்தொலைவு பெரிதன்று.

பெண்களுக்கு இஃது ஒவ்வுமோ என்று ஐயுறுவார் புதுக்கோட்டையை நோக்குக. 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில், கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் எழுத்தறிவோடு சைக்கிட்பயிற்சியையும் சேர்த்து நடத்தச் செய்தார். கல்லுடைக்கும் பெண்களும், வயல்வேலை செய்யும் பெண்களும், கிராமத்துச் செவிலியரும் சைக்கிள் கற்றனர். 70,000க்கு மேற்பட்ட பெண்கள் பலர் காண ஓட்டிக் காட்டினர் எனப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். ஏளனம் செய்தாரும் இருந்தனர். ஆயினும் ஒருத்தி தனித்துச் செல்லாது பலர் ஒருங்கு சென்றமையின் ஏளனம் ஓய்ந்தது. இதனின்று எம்மூரார் கற்கத்தக்கது ஒன்றுண்டு: வெட்கத்திற்கு மருந்து துணை. ஒரே ஷிப்டில் வேலை செய்யும் மூவர் நால்வர் ஒரு நாளைக் குறித்து ஒருங்கே புறப்படின், "இன்னும் பைக்கு வாங்கவில்லையா?" என்னும் வினா வலியற்றுப் போம்.

வெட்கம் நம்மால் நீக்கத்தக்கது, சாலையோ அங்ஙனமன்று. எம்மூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளும், புதிய கார்களை ஏற்றிய நீண்ட டிரெய்லர்களும், கம்பெனி பஸ்களும் இடைவிடாது ஓடுகின்றன. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நேர்ந்து 17,884 பேர் இறந்தனர் என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகின்றது. ஆண்டு ஒன்றில் ஒரு சிறு பட்டணமே அழிந்தாற் போன்றதன்றோ இது! இச்சாலையிற் "சைக்கிளிற் செல்" என்று மகனிடம் கூறத் தாய் அஞ்சினால் அவ்வச்சத்தை யார் குறை கூறுவர்? அஞ்சுவோரைத் தைரியமில்லாதவர் என்று பழித்துப் பயனில்லை. தைரியம் வேண்டாதபடி சாலையை அமைத்தலே நாகரிகம்.

அவ்வாறு அமைத்தல் கூடுமோ எனின், கூடும். நெதர்லாந்து தொன்றுதொட்டே சைக்கிட்பாதைகளாற் சிறந்தது என்று எண்ணுதல் பிழை. அந்நாட்டிலும் மோட்டார் வண்டிகள் பெருகியபோது 1971ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தனர். அவருள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். பின்னரே அரசாங்கம் மோட்டார் வண்டியினின்று பிரிக்கப்பட்ட பாதைகளை நாடெங்கும் அமைக்கலாயிற்று. நம் நாட்டிற்கும் இவ்வறிவு புதிதன்று. சைக்கிட்பாதை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962ஆம் ஆண்டிலேயே விதி வகுத்து, 2015ஆம் ஆண்டில் அதனைத் திருத்தியும் வெளியிட்டது. விதி ஏட்டில் இருக்கின்றது. பாதைதான் எம்மூரில் இல்லை.

இங்கே வேண்டுவது பெருஞ்செலவுமன்று. ஊர் எல்லையினின்று ஆலைவாயில் வரையில், கல் வரம்பிட்டு லாரி ஏறாதபடி காத்த ஒடுங்கிய பாதை ஒன்று; இரவு ஷிப்டார்க்கு விளக்கு; சாலையைக் கடக்குமிடத்தில் நின்று செல்ல வசதி; இவ்வளவே. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க தொழிலாளர் குடியிருப்பு 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வேலைசெய்யும் இடத்தருகே வீடமைத்தல் நல்ல முறை. அதனினும் ஒரு படி மேற்சென்று, வீட்டிற்கும் வாயிலுக்கும் இடையே அஞ்சாது செல்லும் பாதையையும் அமைப்பின், அப்பணி நிறைவுறும்.

இவ்விடத்தில் நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். தங்களுட் சிலர் அவ்வாலைகளில் உயர்ந்த பதவி வகிக்கின்றீர்கள். தங்கள் காருக்கு வாயிலினுள்ளே நிழலிருக்கும். சைக்கிளில் வரும் தொழிலாளிக்கு எங்கே இடமிருக்கின்றது என்று நாளைக் காலை ஒருமுறை பாருங்கள். கூரையிட்ட கொட்டகையும், பூட்டிவைக்க ஓர் இரும்புச் சட்டமும், முகங்கழுவக் குழாயும் தங்கள் ஒரு கையெழுத்தால் அமையக்கூடியவை. சாலை போட அரசாங்கத்தை எதிர்நோக்க வேண்டும். கொட்டகை போட எவரை எதிர்நோக்க வேண்டும்?

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கட்கும் ஒரு சொல். தம்பிதங்கையர், அண்ணன்மார் வீட்டுக் கொல்லையில் துருவேறிக் கிடக்கும் சைக்கிளைக் கண்டால் அதனை வெளியே எடுத்து ஓட்டத்தக்கதாக்குங்கள். படித்தவன் ஏறிச் சென்றால் ஊரார் வெட்கம் பாதி குறையும். பின்னர் ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து பாதை கேளுங்கள். சாலையில் ஏறுவோர் இல்லையெனில் பாதை கேட்பார் இரார். பாதை இல்லையெனில் ஏறுவோர் பெருகார். இவ்விரண்டனுள் முன்னையது நம் கையில் உளது. ஆதலின் அதனையே முன்னர்ச் செய்வோமாக.