சமர்த்து முயல்

தீபாவளிக்கு மறுநாள் காலை. மயிலாப்பூர் கிளினிக் வாசலில் ஒரு மாமி பிளாஸ்டிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வெள்ளை முயல், மேலே பழைய துண்டு. பக்கத்து நாற்காலியில் கட்டியிருந்த லாப்ரடார் கூடையை மோந்துகொண்டிருந்தது. உள்ளே வந்ததும் மாமி சொன்ன முதல் வார்த்தை: "ரொம்ப சமர்த்து, டாக்டர். நேத்து பூரா ஒரே மூலைல உக்காந்துண்டு இருந்தது. வெடிச் சத்தத்துக்குக்கூட அசையலை. சாப்பாடுதான் வேண்டாங்கறது."

கூடையின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தேன். புழுக்கை ஒன்றுகூட இல்லை. வீட்டில் கூண்டிலும் நேற்று நாலைந்துதான், அதுவும் மிளகளவுக்கு என்றார்.

நாய் பயந்தால் குரைக்கும், பூனை பயந்தால் சீறும், முயல் பயந்தால் சமர்த்தாகிவிடும். அசைந்தால் பிடிபடுவோம் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. வீட்டுக்காரர்கள் அதை நல்ல குணம் என்று நினைப்பதில் தப்பில்லை. வைத்தியர்களான நாமும் கேஸ் ஷீட்டில் 'குவைட்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் தப்பு. நிம்மதியாக இருக்கும் முயல் பின்னங்காலை நீட்டிச் சாய்ந்து படுக்கும். பயந்த முயல் தரையோடு அப்பிக் கிடக்கும். கண் விரிந்திருக்கும், காது முதுகோடு ஒட்டியிருக்கும், தொட்டால் சதை கல்லாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் 'சும்மா இருக்கிறது'தான்.

முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய யந்திரம். வாந்தி எடுக்க அதனால் முடியாது. உள்ளே போனது முன்னால்தான் நகர வேண்டும். பெருங்குடலில் நாரையும் பொடியையும் பிரித்து, ஒன்றைப் புழுக்கையாகத் தள்ளி, மற்றதைக் குடல்வாய்க்குத் திருப்பி அனுப்பும் வேலை முழுக்க நரம்பும் ஹார்மோனும் சொல்கிறபடி நடக்கிறது. பயம் வந்து அட்ரினலின் ஏறியதும் அந்த வேலை மந்தமாகிறது. தேங்கியது காய்ந்து இறுகுகிறது, காற்று சேர்கிறது, வலிக்கிறது. வலித்தால் முயல் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் குடல் இன்னும் நிற்கும். கொழுத்த ஃபிளாட் முயலாக இருந்தால் ஓரிரு நாளில் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கிவிடும். இது புதுச் செய்தியும் இல்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன் பூனைகளுக்கு பிஸ்மத் கலந்த உணவு கொடுத்து இரைப்பையின் அசைவைப் பார்த்தார். பூனை மிரண்டதும் அசைவு நின்றது. 1898-ல் அச்சான விஷயம் இது. முயல் விஷயத்தில் நாம் அதை இன்னும் மருந்துச்சீட்டு வரை கொண்டுவரவில்லை.

ரிஜிஸ்டரில் 'ஜி.ஐ. ஸ்டேசிஸ்' (குடல் தேக்கம்) என்று எழுதுகிறோமே, அது கதையின் கடைசிப் பக்கம். மாமியின் முயலுக்கு முதல் பக்கம், தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி தெருவில் வெடித்த பத்தாயிரம் வாலா.

நம் படிப்பிலும் ஒரு குறை இருக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் என் காலத்தில் படித்தவர்களுக்கு முயல் என்றால் பண்ணை விலங்கு, இல்லாவிட்டால் ஆய்வுக்கூட விலங்கு. நீலகிரியின் சாண்டிநல்லா, கொடைக்கானல் மலையின் மன்னவனூர், அந்தப் பண்ணைகளில் வளரும் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜயண்ட். எடை கூடும் வேகம், ஈற்றுக்கு எத்தனை குட்டி, காதுச் சொறி: தேர்வுக்குப் போதும். குளிர்ந்த மலையில் கூட்டமாக வளர்ந்த முயலைப் படித்துவிட்டு, தி.நகரில் மூன்றாம் மாடி பால்கனியில் தனியாக இருக்கும் முயலுக்கு வைத்தியம் பார்க்கிறோம்.

என் பங்குக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நகம் வெட்ட முயலை மல்லாக்கப் போடுவேன், அசையாமல் கிடக்கும். 'மயங்கிடுச்சு பாருங்க' என்று வீட்டுக்காரர்களிடம் வித்தை காட்டுவதுபோல் காட்டியிருக்கிறேன், ஜூனியர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது மயக்கமோ சுகமோ கிடையாது. பிடிபட்ட இரை செத்ததுபோல் கிடக்கும் நிலை. 2006-ல் ஆன் மெக்பிரைடும் சகாக்களும் இதை அளந்து, பயத்தின் குறிகளே கூடுகின்றன என்று காட்டினார்கள். அதைப் படிக்கும் முன்பே அடையாறில் ஒரு சாயங்காலம் பாடம் வந்துவிட்டது. மல்லாந்து கிடந்த முயல், வெளியே ஒரு நாய் குரைத்ததும் விழித்து ஒரே ஒரு உதை உதைத்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம். பின்னங்கால் இரண்டும் தொங்கிவிட்டன. முயலின் எலும்புக்கூடு உடல் எடையில் 7, 8 சதவீதம்தான்; பூனைக்கு 12, 13. காலின் சதையோ ஓட்டத்துக்கென்றே வளர்ந்தது. இடுப்புக்கு மேலே கடைசி முள்ளெலும்பு அந்த உதையைத் தாங்காது. கொண்டுவந்த கல்லூரிப் பையன் கேட்டான்: "வரும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு?" மறுநாள் அதற்கு ஊசி போட்டு அனுப்பிவைத்தேன்.

அதற்கப்புறம் மாற்றியவற்றைச் சொல்கிறேன். முயலைத் தரையில் ரப்பர் பாய் விரித்துத்தான் பார்க்கிறேன். டேபிளில் ஏற்றினால் டவல் சுற்றி, பின்புறத்தைத் தாங்கி. கட்டாயமாகப் பல் பார்க்க வேண்டியிருந்தால் இழுபறி கிடையாது, மிடாசோலம் கிலோவுக்கு 0.5 மி.கி. போட்டுக் காத்திருக்கிறேன். ஜோடி முயல் இருந்தால் அதையும் கூடவே கொண்டுவரச் சொல்கிறேன். நேரம் ஒதுக்குவதில்தான் சிக்கல். மதியம் 2 முதல் 4 வரை ஓ.பி. காலி, நாய் வாடையும் குறைவு. ஆனால் கத்திரி வெயிலில் தி.நகரிலிருந்து ஆட்டோவில் கூடைக்குள் வரும் முயல், வந்து சேரும்போதே வெப்பத்தில் துவண்டிருக்கும். வியர்க்கவும் தெரியாது, நாய் மாதிரி இரைத்து ஆற்றிக்கொள்ளவும் தெரியாது. காது ஒன்றுதான் அதன் ஜன்னல். 30 டிகிரியைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய பிராணி. அதனால் காலை முதல் டோக்கன் முயலுக்கு. நாய்க்காரர்கள் முணுமுணுப்பார்கள், பழகிவிடுவார்கள்.

ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் வழக்கத்தையும் எல்லாக் கிளினிக்கும் எடுத்துக்கொள்ளலாம். 2012-ல் ஹார்கோர்ட்-பிரவுன் தம் ஆய்வில் 907 முயல்களின் ரத்தத்தைப் பார்த்தார். குடல் வெறுமனே மந்தமானவற்றுக்கு சராசரி சுமார் 150 மி.கி., அடைப்பு இருந்தவற்றுக்கு சுமார் 445. கையில் பிடித்தாலே கொஞ்சம் ஏறும். அதைக் கழித்துவிட்டாலும் இந்த இடைவெளி பெரிது. அடைப்பு இல்லை என்று தெரியாமல் சிரிஞ்சில் உணவைத் திணிக்கக் கூடாது.

பட்டாசுக்கு வருவோம். காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் சொல்கிறது; 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் கூடாது என்று விதி சொல்கிறது. தெரு இரண்டையும் கேட்பதில்லை என்பது நமக்குத் தெரியும், நம் காதைவிட மேல் ஸ்தாயி கேட்கிற முயலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே நம் முயல் வீடுகளுக்கு ஒரு வாட்ஸ்அப் போகட்டும்: தெருப்பக்கம் இல்லாத அறை, இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, ஓடுகிற ஃபேன், கை நிறையப் புல். ஒளிந்துகொண்டால் இழுக்க வேண்டாம், தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். காலையிலும் ராத்திரியிலும் புழுக்கையை எண்ணவும். காய்ந்த புல் கிடைக்கவில்லை என்பவர்களுக்குப் பிள்ளையார் கோயில் வாசல் அருகம்புல் இருக்கிறது, நன்றாகக் கழுவினால் போதும். கேரட்டும் பிரெட்டும் கொடுத்து வளர்த்த குடல் பயத்தை மோசமாகத் தாங்கும். பட்டாசு மட்டுமில்லை: லஸ், பனகல் பூங்கா பக்கம் மெட்ரோ தோண்டத் தொடங்கியதிலிருந்து, ராத்திரியில் முயல் காலைத் தரையில் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். தரை அதிர்வதுதான் அவற்றின் அபாயச் சங்கு. ஒன்றுக்கொன்று சொல்வதும் காலால் தட்டித்தான்.

மாமியின் முயலுக்குச் சர்க்கரை 170. எக்ஸ்ரேயில் குடல்வாய் நிறையக் காற்று, அடைப்பு இல்லை. தோலுக்கடியில் சலைன், வலி மருந்து, பிறகு நாய் வாடை இல்லாத பின்னறையில் விளக்கை அணைத்து, துண்டு மூடிய கூண்டில் அருகம்புல்லோடு விட்டுவிட்டோம். பெரிய வைத்தியம் அந்த அறைதான். சாயங்காலம் ஆறு புழுக்கை. வீட்டுக்கு அனுப்பி, எண்ணிச் சொல்லச் சொன்னேன்.

மறுநாள் போன். "பதினேழு போட்டிருக்கு, டாக்டர். ஆனா சமர்த்தா இல்லை. விடிஞ்சதுலேர்ந்து கூண்டுக் கதவைக் கடிச்சிண்டே இருக்கு."