மவுஸ் போடும் கோலம்

உடைந்த வளையல் துண்டுகள், மூன்று கண்ணாடிப் பட்டைகள், ஒரு அட்டைக் குழல். கலைடாஸ்கோப் செய்ய இவ்வளவு போதும். குழலைத் திருப்பத் திருப்ப உள்ளே பூக்கள் மலர்ந்து கலையும். ஒருமுறை பார்த்த வடிவம் மறுபடி வாய்ப்பது அரிது. இதே வித்தையைக் கம்ப்யூட்டர் திரையில் செய்து காட்டக் கண்ணாடியும் வேண்டாம், வளையலும் வேண்டாம். ஒரு புகைப்படமும் படங்களைத் திருத்தும் மென்பொருள் ஒன்றும் இருந்தால் போதும். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த மென்பொருள் பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது. அதுவும் காசில்லாமல்.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஒரு பக்கம். மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு இன்னொரு பக்கம். 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று எழுந்த குரல் பலிக்கவில்லை. கோடு மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. கேரள அரசு இன்றும் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய மொழிகளில் பாடநூல்களை வெளியிடுகிறது. தகவல் தொழில்நுட்பப் பாடமும் அதில் அடக்கம்.

அந்தப் பாடத்தின் கதை 2001ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தோடு தொடங்கியது. 2006ல் பதவிக்கு வந்த வி.எஸ். அச்சுதானந்தன் அரசு, கட்டற்ற மென்பொருள் பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்தது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், நண்பனுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்பதே கட்டற்ற மென்பொருளின் இலக்கணம். சில ஆண்டுகளில் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் லினக்ஸுக்கு மாறின. 2017ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக உருமாறிய அதே திட்டம், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருளைப் போட்டதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019ல் கணக்குச் சொன்னது. ஜிம்ப், இங்க்ஸ்கேப், சின்ஃபிக் என்ற பெயர்கள் கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது இந்த வழியில்தான்.

இவற்றில் ஜிம்ப், படங்களைத் திருத்துவதற்கானது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் 1995ல் எழுதத் தொடங்கி, 1996ல் வெளியிட்டது. இதே வேலைக்குப் பெயர்போன ஃபோட்டோஷாப், 2013 முதல் சந்தா கட்டினால்தான் புதிய பதிப்பு என்ற நிலைக்கு வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளியின் வீட்டில் மாதா மாதம் மென்பொருளுக்குச் சந்தா என்பது நடக்கிற காரியமல்ல.

கலைடாஸ்கோப்பின் ரகசியம் எளிய கணக்கு. இரண்டு கண்ணாடிகளை 60 டிகிரி கோணத்தில் நிறுத்தினால், நடுவில் உள்ள பொருள் ஐந்து பிம்பங்களைப் பெறும். பொருளோடு சேர்த்து ஆறு. 45 டிகிரி என்றால் மொத்தம் எட்டு. 360ஐக் கோணத்தால் வகுத்தால் விடை வந்துவிடும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடவலம் மாறி நிற்பதால்தான் ஓரங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பூ பூவாகத் தெரிகிறது.

ஜிம்பில் கண்ணாடியின் வேலையை 'லேயர்' எனப்படும் அடுக்குகள் செய்கின்றன. சதுரமான ஒரு படத்தில், நடுப்புள்ளியிலிருந்து 60 டிகிரி அகலத்தில் ஒரு கீற்றை வெட்டி எடுக்க வேண்டும். கீற்றின் ஒரு ஓரம் செங்குத்தாக நிற்கட்டும். அதைப் பிரதி எடுத்து இடவலமாகப் புரட்டினால் இரண்டும் சேர்ந்து 120 டிகிரி ஆகும். இந்த ஜோடியை ஒரே அடுக்காக இணைத்து, இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை 120 டிகிரியும் மற்றொன்றை 240 டிகிரியும் சுழற்றினால் வட்டம் நிறைந்துவிடும். கை தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அடுக்கின் அளவு முழுப் படத்தின் அளவுக்குச் சமமாக இல்லையென்றால், கீற்று தன் சொந்த மையத்தைப் பிடித்துக்கொண்டு சுழலும், பூ சிதறிவிடும். புரட்டுவதற்கு முன்பே அடுக்கைப் படத்தின் அளவுக்கு விரித்துக்கொள்வது நல்லது.

இது அசையாத கோலம். அசைய வைக்க, மூலப் புகைப்படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கீற்றை வெட்டி, அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். 15 டிகிரி வீதம் திருப்பினால் 24 படங்களில் ஒரு முழுச்சுற்று. கடைசிப் படத்துக்கு அடுத்தது முதல் படமே என்பதால், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கீற்றின் கூர்முனையை விட்டுச் சற்றுத் தள்ளி உள்ள ஒரு புள்ளியை மையமாக வைத்துப் புகைப்படத்தைச் சுழற்றினால், நடுவிலிருந்து வடிவங்கள் பிறந்து வெளியேறுவது போல இருக்கும். 24 படங்களையும் 24 அடுக்குகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் 100 மில்லி விநாடி கொடுத்து 'ஜிஃப்' கோப்பாக ஏற்றுமதி செய்தால் வேலை முடிந்தது. ஒரு சுற்றுக்கு 2.4 விநாடி.

ஜிஃப் ஒரு படத்துக்கு 256 வண்ணங்களுக்கு மேல் தாங்காது. மூணாறு தேயிலைச் சரிவின் பச்சை வகைகள் அதில் வழக்கமாகத் திட்டுத் திட்டாகிவிடும். ஓணப் பூக்களமோ, சேலைக் கரையோ பளிச்சென்று வரும். ஜிம்பின் புதிய பதிப்புகளில் கலைடாஸ்கோப் விளைவைத் தரும் ஃபில்டர் தயாராகவே இருக்கிறது, ஒரே கிளிக். ஆனாலும் ஒருமுறையாவது கையால் வெட்டிப் புரட்டி ஒட்டிப் பார்க்கும் பிள்ளைக்குத்தான், கணக்குப் புத்தகத்தில் சமச்சீர் என்று படித்தது என்னவென்று புரியும்.

வாசலில் புள்ளி வைத்துப் பழகிய கைக்கு இது அந்நியமான பாடமல்ல. ஒரு மூலையில் போட்டதை மற்ற மூலைகளிலும் திருப்பிப் போடுவதே பெரும்பாலான கோலங்களின் சூத்திரம். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக விவரித்து 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். திரையில் அசையும் உருவமும் பாலக்காட்டுக்குப் புதிதல்ல. பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோல் பாவைகளை ஆட்டிக் கம்பராமாயணம் சொல்வது அந்த மண்ணின் மரபு. பாவைகளில் குத்திய துளைகள் வழியே ஒளி கசியும். மலையாள நாட்டின் நடுவே பாடப்படுவது தமிழ்ப் பாட்டு.

கலைடாஸ்கோப் யாருடையது என்ற கேள்விக்கும் ஒரு பழைய விடை உண்டு. ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1817ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் மாதிரியைக் கண்ட லண்டன் கடைக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மூன்றே மாதங்களில் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு லட்சம் விற்றதாக அவரே கணக்கிட்டார். அவர் கைக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. ஜிஃப்புக்கும் இதே போன்ற வழக்கு வந்தது. 1987ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட அந்த வடிவத்துக்குள் யூனிசிஸ் நிறுவனத்தின் காப்புரிமை ஒளிந்திருந்தது. 1994ன் இறுதியில் அது கட்டணம் கேட்க, கொதித்துப்போன புரோகிராமர்கள் 'பிஎன்ஜி' என்ற மாற்று வடிவத்தையே படைத்தார்கள். அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003ல் காலாவதியானது. இன்று ஜிஃப் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது மொழியின் கேள்வி. பாடநூல் தமிழில் இருக்கிறது. திரையில் மெனு ஆங்கிலத்தில் விரிந்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளை புத்தகத்துக்கும் திரைக்கும் நடுவே இன்னொரு எல்லையைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில வழியில் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று பெற்றோர் நினைப்பதில் ஆச்சரியமில்லை. இப்படிச் சின்னச் சின்னத் தொல்லைகள் சேர்ந்துதான் ஒரு தமிழ் வகுப்பறையின் பெஞ்சுகளைக் காலியாக்குகின்றன.

ஜிம்பின் மெனுக்களைத் தமிழுக்கும் மாற்றலாம். தன்னார்வலர்கள் மொழிபெயர்த்திருக்கிறார்கள், முழுமையாக அல்ல. தமிழுக்கு மாற்றிய பிறகும் ஆங்காங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாக இருந்தால் கம்பெனி மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இங்கே மொழிபெயர்ப்புக் கோப்பு எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. விடுபட்ட ஒரு சொல்லுக்குச் சரியான தமிழைக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு ஆசிரியரோ மறையூரில் ஒரு மாணவியோ எழுதி அனுப்பலாம். மொழிபெயர்ப்புக் குழு ஏற்றுக்கொண்டால், அடுத்த பதிப்பில் அது கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர் திரைகளில் தெரியும். இலவசம் என்பதைவிட இதுதான் பெரிய லாபம். காசு மிச்சமானதை அரசு கணக்குப் போட்டாயிற்று. இந்த லாபத்தை எடுப்பது தமிழ் வகுப்பறைகளின் கையில் இருக்கிறது.