பூனைக்குரற் குழந்தைகள்

மனிதக் கலம் ஒவ்வொன்றிலும் இருபத்துமூன்று சோடி நிறமூர்த்தங்கள் உள எனக் கல்லூரியின் விலங்கியல் வகுப்பிலே கற்றோர் பலர் இம்மலரைப் படிப்பர். அவற்றுள் ஐந்தாம் சோடியிலே, ஒரு நிறமூர்த்தத்தின் குறும்புயத்தில் ஒரு துண்டு இல்லாதொழியின், பிறக்கும் குழந்தை பூனைக்குட்டி கத்துவது போன்ற மெல்லிய உயர்ந்த குரலில் அழும். தலை சிறுத்திருக்கும், தசைகள் தளர்ந்திருக்கும், பால் உறிஞ்சவும் இடர்ப்படும். 1963ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து வைத்தியர் ஜெரோம் லெஜேனும் அவர்தம் துணைவரும் மூன்று குழந்தைகளிடத்து இதனைக் கண்டு, அவ்வழுகையையே நோய்க்குப் பெயராக்கினர். பதினையாயிரம் முதல் ஐம்பதினாயிரம் வரையான பிறப்புக்களுக்கு ஒரு குழந்தை இக்குறையுடன் பிறக்கின்றது என்பர். வளர வளர அவ்வொலி பலரிடத்து மாறிவிடும். பெயரோ ஆயுள் முழுதும் ஒட்டிக்கொள்ளும்!

இத்தகைய குழந்தை ஒரு வீட்டிற் பிறந்தால் எம்மவர் முதலில் வினவுவது தாயையே. கிரகணத்தில் வெளியே சென்றாளோ, உண்ணத்தகாதது உண்டாளோ, அவள் குடும்பத்தில் யாருக்கேனும் முன்பு இருந்ததோ என்பர். ஆராய்ச்சி கூறுவது வேறு. பத்துக் குழந்தைகளுள் ஏறக்குறைய ஒன்பதில், விந்தோ முட்டையோ உருவாகும் பொழுதிலே அத்துண்டு தற்செயலாக அறுகின்றது. எஞ்சிய சிலரிடத்தே பெற்றோருள் ஒருவரின் நிறமூர்த்தங்களில் துண்டுகள் இடம் மாறியிருத்தலுண்டு. அவ்வாறாயின் அடுத்த பிள்ளையை எண்ணி இருவரும் இரத்தப் பரிசோதனை செய்தல் நன்று. புதிதாக அறுந்தவற்றுட் பெரும்பாலன தந்தைவழி நிறமூர்த்தங்களே. தந்தைமேற் பழி சுமத்த இதனைக் கூறினோமல்லோம். தாயின் தலையிலிருந்து அதனை இறக்கவே கூறினோம்.

இப்பிள்ளைகள் நடவார், பேசார் என்று முற்காலத்து நூல்கள் தீர்த்தெழுதின. அத்தீர்ப்பு, வீட்டினின்று நீக்கி விடுதிகளில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தே பெரிதும் எழுதப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர், பெற்றோருடன் வளர்ந்த 65 பிள்ளைகளைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டனர். பத்து வயதைக் கடந்தோருட் பாதிப்பேரிடம் தம் கருத்தை உணர்த்தப் போதிய சொல்லும் வாக்கியமும் இருந்தன. இரு சாராரிடத்தும் குறைந்திருந்த நிறமூர்த்தம் ஒன்றே. இளமையிலேயே கிடைத்த பயிற்சியும் வீட்டாரின் அரவணைப்புமே வேறுபாட்டை விளைத்தன என்பது எம் துணிபு. ஆதலின் பிள்ளை பேசட்டும், பின்னர் பள்ளிக்கு அனுப்பலாம் எனக் காத்திருத்தல் தகாது. பேச்சு வருமுன்னரே கைச்சைகையாலும் படத்தாலும் கேட்கப் பழக்கல் வேண்டும். எம் பழைய மாணவருள் வைத்தியரும் ஆசிரியரும் பலர். பெற்றோர் முதலில் நாடுவது அவர்களையே.

மற்றுமொன்று. இப்பிள்ளைகள் பேசுவதினும் மிகுதியாக விளங்கிக்கொள்வர். "இதுக்கு ஒண்டும் விளங்காது" என்று உறவினர் முற்றத்திலிருந்து உரைக்கும்பொழுது, பிள்ளை பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றது.