பட்டியில் இல்லாதவர்க்கு வழக்குரைப்பார் யார்?

அரசின் வழக்குரைஞர் ஆள்வோர்க்கு உரியவரா, குடிமக்களுக்கு உரியவரா என்பது பழைய வினா. அமெரிக்க ஒன்றியத்தின் மாநிலங்கள் தேர்தல் வழியாக அதற்கு விடை காண முற்பட்டன. ஐம்பது மாநிலங்களுள் 43-இல் தலைமை வழக்குரைஞரை மக்களே ஒப்போலையிட்டுத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆளுநர் அமர்த்தும் மாநிலங்கள் ஐந்தே. மெயினில் சட்டமன்றமும், தென்னசியில் அம்மாநில உச்ச முறைமன்றமும் அவரைத் தெரிவு செய்கின்றன. ஆளுநரால் அமர்ந்தவர் ஆளுநர்க்கு அஞ்சுவார்; மக்களால் அமர்ந்தவர் மக்களுக்கே அஞ்சுவார் என்பது தேர்தல் முறையின் அடிப்படை எண்ணம். எண்ணம் நல்லதே! ஆனால் மக்கள் என்போர் யாவர்? அலபாமா மாநிலத்தின் வரலாறு இதற்குத் தரும் விடை, எந்தக் குடியரசும் மறக்கலாகாத விடையாகும்.

அம்மாநிலத்தின் 1901-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தலைமை வழக்குரைஞர் பதவி தேர்தலால் நிரப்பப்படும் என வரையறுத்தது. அதே அரசியலமைப்பு, தலைவரியாலும் எழுத்தறிவுத் தேர்வாலும் கருப்பின மக்களை ஒப்போலைப் பட்டியினின்று துடைத்தெறிந்தது.

1954-இல் ஆல்பர்ட்டு பேட்டர்சன் என்பார் அப்பதவிக்கு மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளராகத் தெரிவானார். அந்நாளில் அங்கு அக்கட்சியின் வேட்பாளராவதே வெற்றிக்கு ஒப்பாகும். சூதும் ஊழலும் மலிந்த பீனிக்சு நகரைத் தூய்மை செய்வதாக உறுதி கூறிய அவர், சூன் 18-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக, அப்பொழுது தலைமை வழக்குரைஞராக இருந்தவர் மீதே குற்றஞ் சாட்டப்பட்டது. ஆயினும் அவர் முறைமன்றத்தில் உசாவப்படவேயில்லை. காவல் அலுவலர் ஒருவரே ஒறுக்கப்பட்டார்.

தந்தையின் இடத்தில் மகன் சான் பேட்டர்சன் நின்று வென்றார். கொடுமைக்குத் தந்தையைப் பறிகொடுத்தவர் பிறர் படும் கொடுமையை உணர்ந்திருத்தல் வேண்டும். நடந்ததோ வேறு! கருப்பினத்தாரின் உரிமைக்குப் போராடிய நாடளாவிய கழகம் அலபாமாவில் இயங்காதவாறு 1956-இல் அவர் தடையாணை பெற்றார். உறுப்பினர் பெயர்ப்பட்டியையும் கேட்டார். பெயர் வெளிப்பட்டால் வேலை போகும். உயிருக்கும் இடர் நேரும். கழகம் தர மறுத்தது. ஓர் இலக்கம் தாலர் தண்டம் விதிக்கப்பட்டது. பட்டி தரவேண்டியதில்லையென 1958-இல் ஒன்றிய உச்ச முறைமன்றம் ஒருமித்துத் தீர்ப்பளித்தும், கழகம் அங்கு மீண்டும் இயங்க 1964 வரை காத்திருக்க நேர்ந்தது. சான் பேட்டர்சனோ அதே 1958-இல் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்! பட்டியில் இருந்தோர்க்கே அவர் வழக்குரைத்தார். பட்டியில் இல்லாதோர்க்கு எதிராகவே வழக்குரைத்தார்.

1963 செபுத்தம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்காம் நகரில் கருப்பினத்தாரின் கிறித்தவக் கோயிலில் வெள்ளை வெறியர் வைத்த வெடிகுண்டுக்குச் சிறுமியர் நால்வர் இரையாயினர். மூவர் 14 அகவையினர். ஒருத்தி 11 அகவையள். நடுவண் புலனாய்வுத் துறை 1968-இல் அவ்வழக்கை மூடியது.

இடையில் 1965-இல் ஒப்போலை உரிமைச் சட்டம் வந்தது. துடைக்கப்பட்ட பெயர்கள் மீண்டும் பட்டியில் ஏறின. 1970-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற பில் பாக்சிலி, 29 அகவையில் தலைமை வழக்குரைஞரானார். அந்நான்கு சிறுமியர் பெயரையும் தம் தொலைபேசி அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, மூடிய வழக்கைத் திறந்தார். வெறியர் அச்சுறுத்தி மடல் விடுத்தனர். அரசுத் தாளிலேயே இகழ்ச்சியாக ஒரு வரி விடை அனுப்பினார்! 1977-இல், கொடுமை நிகழ்ந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், இராபர்ட்டு சாம்பிளிசு என்னும் குற்றவாளி வாழ்நாள் சிறை பெற்றான். மறு ஆண்டு ஆளுநர் பதவிக்கு நின்ற பாக்சிலி தோற்றார். அத்தோல்வியால் அவர் செய்த அறம் சிறுத்துவிடவில்லை.

பதவி ஒன்றே, தேர்தல் முறையும் ஒன்றே. ஒருவர் அதனைக் கொண்டு உரிமையை நெரித்தார். மற்றொருவர் அதனைக் கொண்டே முறை செய்தார். ஆள்வோரின் மனச்சான்று அவ்வேறுபாட்டிற்கு ஒரு கரணியம்; ஒப்போலைப் பட்டியின் விரிவு மற்றொரு கரணியம். மனச்சான்றைச் சட்டத்தால் படைத்தல் இயலாது. பட்டியை முழுமையாக்கல் இயலும். அதனைக் காத்தலும் இயலும். தேர்தல் என்னும் துலாக்கோல், தட்டில் ஏற்றப்பட்டவரை மட்டுமே நிறுக்கும். எவர் பெயரும் விடுபடாத பட்டியே மக்களாட்சியின் முதல் முறைமன்றம்!